கொப்பியிலிருந்து கணினிக்கு: அரிய இனப் பதிவுகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

மலையகத்தில் மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளையும் அவற்றிலுள்ள அரிய தாவரங்கள், விலங்குகளையும் பட்டியலிடும் வேலையில் இறங்கியுள்ள வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கேள்விகளில் பெரும்பகுதி, காட்டிலிருந்து திரும்பிய பிறகு மேசையில் நடக்கும் வேலையைப் பற்றியது. எனவே இம்முறை தரவு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் சுற்றாடல் கழகப் பிள்ளைகள் நான்கு வருடமாகத் தோட்டத்து ஓடைக்கரைக் காட்டில் கண்டதையெல்லாம் ஆறு கொப்பிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். எக்செலில் ஏற்றத் தொடங்கினோம். ஓர் இனத்துக்கு ஒரு நிரல் என்று போட்டதில் தாள் பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகிறது. எப்படி ஒழுங்குபடுத்துவது?
– ஆசிரியை ஒருவர், தலவாக்கலை

பதில்: இனத்துக்கு ஒரு நிரல் போட்டதுதான் சிக்கலின் வேர். புதிதாக ஓர் இனம் வந்தால் தாளின் அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கிறது. அதைவிடக் கேடு வெற்றுக் கட்டங்கள். ஜூன் மாத வருகையில் மஞ்சள்காதுக் கொண்டைக்குருவியின் கட்டம் வெறுமையாக இருந்தால், தேடியும் காணவில்லையா, அன்று பறவைகளைக் கவனிக்கவே இல்லையா, அல்லது எழுத மறந்தார்களா என்று யாராலும் சொல்ல முடியாது.

கணினியைத் தொடுமுன் கொப்பிகளுக்கு 1 முதல் 6 வரை இலக்கமிடுங்கள். பக்கங்களுக்கும் இலக்கமிட்டு, எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துவிடுங்கள். ஈரம் பட்ட பேனா எழுத்தை நம்ப முடியாது. இனிமேல் களத்தில் பென்சிலைப் பாவிக்கச் சொல்லுங்கள்.

பிறகு நான்கு தாள்கள் போடுங்கள். முதலாவது இடம்: ஒவ்வொரு காட்டுத் துண்டுக்கும் ஒரு நிரை. இரண்டாவது வருகை: எந்த இடம், திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை பேர், என்ன முறையில் தேடினார்கள், மழையா மூடுபனியா. மூன்றாவது அவதானம்: ஒரு வருகையில் கண்ட ஓர் இனத்துக்கு ஒரு நிரை. நான்காவது இனம்: ஏற்றுக்கொள்ளப்பட்ட அறிவியற் பெயர், தமிழ், சிங்களப் பெயர்கள், தேசிய சிவப்புப் பட்டியலில் (அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியல்) அதன் நிலை. ஓர் இடத்துக்குப் பல வருகைகள் இருக்கும், ஒரு வருகைக்குப் பல அவதானங்கள் இருக்கும். இலக்கங்களால் இவற்றை இணைத்துவிட்டால் தாள் பக்கவாட்டில் வளராமல் கீழ்நோக்கி வளரும்.

மிகக் கவனமாகச் செய்ய வேண்டியது அவதானத் தாள். பிள்ளை கொப்பியில் எழுதிய பெயர் ஒரு நிரலில் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கட்டும். "பச்சைத் தவளை" என்று எழுதியிருந்தால் பச்சைத் தவளைதான். அது எந்த இனம் என்று நீங்கள் தீர்மானிப்பது வேறொரு நிரல். தீர்மானித்தவர் யார், எப்போது, எதை வைத்து (நேரில், படம், குரல் ஒலிப்பதிவு) என்பதற்கும் நிரல்கள் வேண்டும். எண்ணிக்கையில் எண்ணியது எது, மதிப்பிட்டது எது என்று குறியுங்கள். "நிறைய" என்று கொப்பியில் இருந்தால் அதை 20 என்றோ 50 என்றோ மாற்றாமல் "நிறைய" என்றே விடுங்கள். கடைசி நிரலில் கொப்பி இலக்கமும் பக்க இலக்கமும் வரட்டும். சந்தேகம் வரும் நாளில் மூலப் பக்கத்தை அரை நிமிடத்தில் எடுக்கலாம்.

பதிவு இலக்கத்துக்குள் இடத்தின் பெயரையோ இனத்தின் பெயரையோ திணிக்காதீர்கள். "ஓடை-தவளை-3" என்று பெயரிட்ட பதிவு பின்னர் தேரை என்று தெரிந்தால் இலக்கமே பொய்யாகிவிடும். 1, 2, 3 என்று ஓடும் வெறும் எண் போதும். நீக்கிய பதிவின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கவும் கூடாது.

தோட்டத்து இடப்பெயர்களிலும் ஒரு பொறி இருக்கிறது. "7ஆம் நம்பர் மலை" பக்கத்துத் தோட்டத்திலும் இருக்கும். தோட்டம், டிவிஷன், மலை நம்பர், கிராம உத்தியோகத்தர் பிரிவு என நான்கையும் தனித்தனி நிரல்களில் எழுதுங்கள். பிரிவு எல்லைகள் மாறக்கூடியவை, எந்த ஆண்டின் பிரிவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிரல்களுக்குப் பெயர் வைக்கும்போது, 2009இல் தரமாக ஏற்கப்பட்ட "டார்வின் கோர்" சொற்பட்டியலை ஒருமுறை பாருங்கள். உலக உயிர்ப்பல்வகைமைத் தரவு வசதியான ஜிபிஃப் உட்படப் பல இடங்களில் அந்தப் பெயர்கள்தான் வழக்கு. உங்கள் தாளில் தமிழ்த் தலைப்பே இருக்கலாம். எந்தத் தமிழ்த் தலைப்பு எந்த டார்வின் கோர் சொல்லுக்குச் சமம் என்று ஒரு பக்கம் எழுதி வைத்தால் போதும்.

கேள்வி: ஹோர்ட்டன் சமவெளியில் எடுத்த 40 புள்ளிகளைக் கணினி வரைபடத்தில் போட்டோம். 12 புள்ளிகள் சிங்கராஜ வனப் பக்கம் போய் விழுகின்றன. ஜிபிஎஸ் கருவி பழுதா?
– பல்கலைக்கழக மாணவர் ஒருவர், பண்டாரவளை

பதில்: கருவியில் பழுதில்லை தம்பி. தட்டச்சு செய்தவர் பாகை, கலை, விகலையைத் தசமமாக எழுதிவிட்டார். கணக்கைப் பாருங்கள். கருவி காட்டியது வடக்கு 6 பாகை 48 கலை 10 விகலை, கிழக்கு 80 பாகை 48 கலை 20 விகலை என்று வைப்போம். கலையை 60ஆலும் விகலையை 3600ஆலும் வகுத்துக் கூட்டினால் 6.80278, 80.80556 வரும். அதைச் செய்யாமல் 6.4810, 80.4820 என்று எழுதினால் புள்ளி தெற்கே சுமார் 36 கிலோமீட்டரும் மேற்கே ஏறத்தாழ அவ்வளவும் நகர்ந்துவிடும். குறுக்காக அளந்தால் சுமார் 50 கிலோமீட்டர். அந்த நகர்வு நேராகச் சிங்கராஜப் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. கடலில் விழுந்திருந்தால் யாரும் உடனே கண்டுபிடிப்பார்கள். அங்கேயும் காடு இருப்பதால், பார்ப்பவருக்கு உறுத்தாது.

இந்தப் பிழையைக் கண்ணால் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள மூன்றாம், நான்காம் இலக்கங்களைச் சேர்த்துப் பாருங்கள். உண்மையான தசமப் பாகையில் அவை 00 முதல் 99 வரை எதுவாகவும் வரும். விகலையை அப்படியே எழுதிய நிரைகளில் ஒருபோதும் 59ஐத் தாண்டாது. உங்கள் 12 நிரைகளிலும் 59க்கு மேல் ஒன்றுகூட இல்லையென்றால் சந்தேகம் உறுதிதான். சில கருவிகள் பாகையும் தசமக் கலையுமாக, அதாவது 6 பாகை 48.167 கலை என்றும் காட்டும். அது மூன்றாவது வடிவம். கருவியின் அமைப்பில் தசமப் பாகையைத் தெரிவுசெய்துவிட்டுக் களத்துக்குப் போவதுதான் சுலபம்.

இன்னொரு சோதனை உயரம். களத்தில் 2,100 மீட்டர் என்று எழுதிய பதிவு, வரைபடத்தில் சில நூறு மீட்டர் உயரமுள்ள இடத்தில் நின்றால் எங்கேயோ பிசகு. இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் உயரத் தரவை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொரு புள்ளிக்கும் உயரத்தை எடுத்துக் களக்குறிப்போடு ஒப்பிடுங்கள். செங்குத்தான சரிவுகளில் சிறு வித்தியாசம் வரத்தான் செய்யும். 100 மீட்டருக்கு மேல் வேறுபடும் நிரைகளை மட்டும் பிரித்தெடுத்துப் பாருங்கள்.

ஒரு புள்ளிதானே என்று விடவும் முடியாது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயூசிஎன்னின் சிவப்புப் பட்டியல் மதிப்பீட்டில், எல்லாப் புள்ளிகளையும் உள்ளடக்கும் குவிந்த பல்கோணத்தின் பரப்பு ஓர் அளவுகோல். 100 சதுர கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால், மற்ற நிபந்தனைகளும் பொருந்தும்போது, அந்த இனம் ஆபத்தின் உச்ச வகுப்பில் சேரும். அடுத்த வகுப்பின் எல்லை 5,000. ஒரு தவளை 10 கிலோமீட்டர் அடியும் 8 கிலோமீட்டர் உயரமும் கொண்ட முக்கோணத்துக்குள் மட்டும் வாழ்கிறது என்று வையுங்கள், பரப்பு 40. 50 கிலோமீட்டர் தள்ளி விழுந்த ஒரு பிழைப் புள்ளி அதை 200க்கு மேலே இழுத்துவிடும். அழியும் தறுவாயில் உள்ள இனத்துக்குக் காகிதத்தில் மட்டும் ஆபத்து குறைந்துவிடும்.

பழைய நில அளவைப் படங்களிலிருந்து புள்ளி எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. படத்தில் இடத்தை மீட்டர் கணக்கில் குறிக்கும், இலங்கையின் இரு தேசியக் கட்டங்களுக்கும் மையம் பீதுருதாலகால மலைக்கு அருகில்தான். பழைய கண்டாவளைக் கட்டத்தில் அந்த மையத்தின் மதிப்பு 200,000, 200,000. 1999ஆம் ஆண்டுக் கட்டத்தில் 500,000, 500,000. எனவே ஹோர்ட்டன் சமவெளிப் புள்ளியொன்று பழைய கட்டத்தில் ஏறத்தாழ கிழக்கு 203,000, வடக்கு 178,000 என்றும், புதியதில் 503,000, 478,000 என்றும் வரும். எண்ணைப் பார்த்தே எது என்று சொல்லிவிடலாம். கியூஜிஐஎஸ்ஸில் பழையதற்கு ஈபிஎஸ்ஜி குறியீட்டெண் (ஆள்கூற்று முறையைக் குறிக்கும் எண்) 5234, புதியதற்கு 5235. கைபேசி காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொது முறை, அதற்கு 4326. கண்டாவளை அடிப்படையிலான பாகை எண்ணை மாற்றாமல் டபிள்யூஜிஎஸ் 84 என்று போட்டால் புள்ளி சுமார் 200 மீட்டர் நகரும். சமதரையில் அது பெரிதாகத் தெரியாது. நம் மலைகளில் 200 மீட்டர் என்றால் முகட்டிலிருந்து ஓடைக்கு இறங்கிவிடுவோம்.

பிழையைக் கண்டதும் பழைய எண்ணின் மேல் புதியதை எழுதாதீர்கள். "எழுதியபடி" என்று ஒரு நிரலில் பழையதை விட்டு, "திருத்தியது" என்று பக்கத்தில் புதியதைப் போட்டு, காரணத்தையும் திகதியையும் குறியுங்கள்.

கேள்வி: ஜிபிஎஸ் புள்ளிக்கு எத்தனை தசம இலக்கம் எழுத வேண்டும்? எங்கள் கைபேசி எட்டு இலக்கம் காட்டுகிறது.
– வாசகர், மஸ்கெலியா

பதில்: ஐந்து போதும். நான்காம் இலக்கம் ஏறத்தாழ 11 மீட்டர், ஐந்தாவது 1 மீட்டர். அடர்ந்த காட்டிலும் குறுகிய பள்ளத்தாக்கிலும் கைபேசியின் பிழை 10 முதல் 30 மீட்டர், சிலவேளை அதற்கும் மேல். எட்டு இலக்கம் என்பது மில்லிமீட்டர் கணக்கு, அது வெறும் அலங்காரம். இலக்கங்களைவிட முக்கியம், கைபேசி காட்டும் "துல்லியம்: 18 மீ" என்ற எண்ணை எழுதுவது. செயலியைத் திறந்தவுடன் வரும் முதல் எண்ணைக் குறிக்காமல், அந்தத் துல்லிய எண் இறங்கி நிலைக்கும்வரை ஓரிரு நிமிடம் நில்லுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

கேள்வி: பழைய தாவர மாதிரிகளின் சீட்டுகளில் "நுவரெலியா", "ஹக்கலை, 6000 அடி" என்று மட்டும் இருக்கிறது. இவற்றைப் பட்டியலில் சேர்க்கலாமா?
– தாவரவியல் மாணவி ஒருவர், கண்டி

பதில்: கட்டாயம் சேர்க்க வேண்டும். ஆனால் புள்ளியாக அல்ல, வட்டமாக. சீட்டில் உள்ளதை அப்படியே ஒரு நிரலில் எழுதுங்கள், அடியை மீட்டராக மாற்றுவதும் தனி நிரலில்தான். 6000 அடி என்றால் 1,829 மீட்டர். ஆனால் எழுதியவர் ஆயிரக்கணக்கில் முழுமைப்படுத்தியிருக்கலாம். அதை 1,829 என்று துல்லியமாக நம்பிவிடக் கூடாது. பிறகு அந்த இடப்பெயரின் மையத்தை எடுத்து, "இதைச் சுற்றி இத்தனை மீட்டருக்குள்" என்று ஆரையைக் குறியுங்கள். "நுவரெலியா" என்ற ஒற்றைச் சொல்லுக்கு 5 கிலோமீட்டர்கூடக் கொடுக்க நேரும். "இலங்கை" என்று மட்டும் இருந்தால் புள்ளி வைக்கவே வேண்டாம். நாட்டின் நடுவில் ஒரு புள்ளியை வைத்து அதை மாத்தளைக் காட்டில் முளைக்க வைப்பவர்களும் உண்டு.

பேராதனைத் தாவரவியற் பூங்காவில் 1849 முதல் 1880 வரை பொறுப்பிலிருந்த துவைட்ஸின் மாதிரிகளைக் கையாளும்போது ஒன்றை மனதில் வையுங்கள். அவற்றின் சி.பி. இலக்கம் சேகரிப்பு இலக்கமல்ல. ஓர் இனத்துக்கு ஓர் இலக்கம் என்று கொடுக்கப்பட்டது அது. வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த கிளைகள் ஒரே சி.பி. இலக்கத்தின் கீழ் இருக்கலாம். ஒரே இலக்கத்தைக் கண்டதும் நகல் பதிவு என்று நீக்கிவிட்டால் உண்மையான ஓர் இடம் பட்டியலிலிருந்து காணாமல் போய்விடும்.

கேள்வி: அறிவியற் பெயர்கள் அடிக்கடி மாறுகின்றன. ஒவ்வொரு முறையும் முழுத் தாளிலும் "தேடி மாற்று" கொடுக்கிறோம். சரிதானா?
– இளைஞர் குழு, மாத்தளை

பதில்: இனத் தாளில் ஓரிடத்தில் மாற்றுங்கள். அவதானத் தாளில் எழுதிய பெயரைத் தொடவே வேண்டாம்.

இரண்டு பெயர்கள் ஒன்றாவதும், ஒரு பெயர் இரண்டாவதும் வேறு வேறு பிரச்சினைகள். அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அடெனோமஸ் கண்டியானஸ் என்ற தேரை 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் காணப்பட்டது. 1998இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட அடெனோமஸ் டாசியும் அதே தேரைதான் என்று 2015இல் வந்த ஆய்வு காட்டியது. இது சுலபம்: டாசி என்ற பெயரைக் கண்டியானஸுக்குச் சுட்டிவிட்டால் பழைய பதிவுகள் எல்லாம் தாமாகவே சேர்ந்துவிடும்.

பிரிவது அப்படியல்ல. நக்கிள்ஸ் மலைத்தொடரின் குட்டை ஓணானுக்கு 2006இல் கொபோட்டிஸ் தும்பறா என்று தனிப் பெயர் கிடைத்தது. அதற்கு முன் அங்கே கண்டதும் நுவரெலியாப் பக்கம் கண்டதும் கொபோட்டிஸ் சிலானிகா என்ற ஒரே பெயரில்தான் எழுதப்பட்டன. இப்போது ஒவ்வொரு பழைய பதிவையும் இடத்தை வைத்துப் பிரிக்க வேண்டும். இடம் எழுதாத பதிவைப் பிரிக்கவே முடியாது, அது "கொபோட்டிஸ், இனம் தீர்மானிக்கவில்லை" என்று நிற்கட்டும். மாத்தளைக்காரர்களான உங்களுக்கு இந்த வேலை நிச்சயம் வரும்.

நம் புதர்த்தவளைகளின் பழைய பதிவுகள் பிலாட்டஸ் என்றும் புதியவை சூடோபிலாட்டஸ் என்றும் இருக்கும். இரண்டையும் தனித்தனியாக எண்ணி, காட்டில் இருப்பதைவிட இரு மடங்கு இனங்களைக் காட்டும் பட்டியல்கள் இப்படித்தான் உருவாகின்றன. இந்தத் தவளைகள் ஒரே இனத்திலேயே பல நிறங்களில் வரும். படத்தை மட்டும் வைத்து இனப்பெயர் எழுதத் துணியாதீர்கள். பேரினத்தோடு நிறுத்துவதும் முழுமையான பதிவுதான்.

கேள்வி: ஒரே ஓர்க்கிட்டை ஒரு பத்தனைப் புல்வெளியில் 30 தடவை பதிந்திருக்கிறோம். இது 30 இடமா, ஓரிடமா?
– வாசகர், வெலிமடை

பதில்: 30 அவதானங்கள், பெரும்பாலும் ஓரிருப்பிடம். அமெரிக்காவில் 1974இல் நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு தொடங்கி, இன்று நேச்சர்சர்வ் நடத்தும் முறை இங்கே உதவும். அதில் அடிப்படை அலகு, ஓர் இனம் நிலைத்து வாழும் நிலத்துண்டு. இரண்டு கூட்டங்கள் ஒரே இருப்பிடமா, வேறா என்பதை இடைத்தூரம் சொல்கிறது. வேறு தகவல் இல்லாதபோது தாவரங்களுக்கு 1 கிலோமீட்டர் என்று வைப்பது அங்குள்ள வழக்கம். நடுவே தேயிலை மலையோ நெடுஞ்சாலையோ இருந்தால் குறைவான தூரத்திலும் பிரிக்கலாம்.

எனவே ஐந்தாவது தாள் ஒன்றைச் சேர்த்து, ஒவ்வோர் இருப்பிடத்துக்கும் ஒரு நிரை கொடுங்கள். முதலில் கண்ட திகதி, கடைசியாகக் கண்ட திகதி, எல்லை, செடிகளின் எண்ணிக்கை, நிலத்தின் நிலை இவை போதும். தரம் ஏ முதல் டி வரை. எண்ணிக்கையும் புல்வெளியின் நிலையும் சுற்றுப்புறமும் நன்றாக இருந்தால் ஏ, நிலைக்காது என்று தோன்றினால் டி. பழைய பதிவு மட்டும் உள்ளதற்கு எச். தேடிப்போய்க் காணாததற்கு எஃப். வாழிடமே ஒழிந்துவிட்டதற்கு எக்ஸ். எஃப்பையும் எக்ஸையும் குழப்பாதீர்கள். தரை ஓர்க்கிட்டுகள் பூக்காத மாதத்தில் புல்லுக்குள் தெரியவே தெரியா.

கேள்வி: தேடிப் போய் ஒன்றும் காணாமல் திரும்பிய நாளை எழுத வேண்டுமா?
– மாணவர், நோர்வூட்

பதில்: வேண்டும். வருகைத் தாளில் நிரை போட்டு, எதைத் தேடினீர்கள், எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம், வானிலை என்ன என்று எழுதுங்கள். 1853இல் விவரிக்கப்பட்ட சூடோபிலாட்டஸ் ஸ்டெல்லாட்டஸ் என்ற புதர்த்தவளை 2009இல்தான் மீண்டும் கிடைத்தது. "இல்லை" என்று சொல்வதற்கு எவ்வளவு தேடல் பின்னால் இருந்தது என்பது தெரியாவிட்டால் அந்த "இல்லை"க்கு எடை கிடையாது.

கேள்வி: கொம்பு ஓணானையும் அரிய ஓர்க்கிட்டையும் கண்ட இடத்தை முகநூலில் போடுகிறார்கள். பாதுகாப்புக்கு விழிப்புணர்வு தேவைதானே?
– வாசகி, ஹட்டன்

பதில்: படத்தைப் போடலாம், இடத்தைப் போடக் கூடாது. கொம்பு ஓணான்களும் குட்டை ஓணான்களும் வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைக்காகக் கடத்தப்படுவதால்தான் 2019இல் சைட்டிஸ் (அரிய உயிரின வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை) அட்டவணைகளில் சேர்க்கப்பட்டன. ஊவாப் பக்கத்துப் புல்வெளிகளில் மஞ்சளாகப் பூக்கும் இப்சியா ஸ்பெசியோசாவைக் கிழங்குக்காகத் தோண்டுகிறார்கள். இடம் தெரிந்தால் ஒரே நாளில் மொத்தமாக எடுத்துவிட முடியும்.

தரவுத்தளத்தில் உண்மையான புள்ளி ஒன்றும் வெளியிடும் புள்ளி ஒன்றும் தனித்தனியாக இருக்கட்டும். வெளியிடும் புள்ளியை 0.1 பாகைக்கு முழுமைப்படுத்தினால் சுமார் 11 கிலோமீட்டர் கட்டமாகும். எவ்வளவுக்குக் குறைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதைத் துல்லியமான புள்ளி என்று இன்னொருவர் நம்பிவிடுவார். உண்மையான புள்ளியைக் கொஞ்சம் நகர்த்திப் பொய் சொல்லும் தந்திரம் வேண்டாம். நாளடைவில் எது பொய் என்பது உங்களுக்கே மறந்துவிடும்.

எண்ணை மறைத்துவிட்டு வேறு வழியில் கசியவிடுவதும் நடக்கிறது. "மூன்றாவது மதகுக்கு மேலே" என்ற குறிப்பு, பின்னணியில் தெரியும் கோயில் கோபுரம், படக்கோப்புக்குள் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் எல்லாம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். துல்லியமான புள்ளிகளை வனஜீவராசிகள் திணைக்களம், வனப் பாதுகாப்புத் திணைக்களம், சிவப்புப் பட்டியல் மதிப்பீட்டாளர்கள் கேட்டால், யாருக்கு எப்போது கொடுத்தீர்கள் என்று குறித்துவிட்டுக் கொடுங்கள்.

உயிரின அவதானங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களிலிருந்து தரவிறக்குபவர்களுக்கும் இது பொருந்தும். அச்சுறுத்தலிலுள்ள இனங்களின் புள்ளியை அத்தளம் 0.2 பாகைக் கட்டத்துக்குள் எங்காவது தற்செயலாக வைக்கும். அந்தப் புள்ளி உங்கள் லயத்துக்குப் பின்னால் விழுந்திருந்தால், அங்கே போய்த் தேடி ஏமாறாதீர்கள். துல்லிய நிரலில் பல்லாயிரம் மீட்டர் என்று இருக்கும், அதைப் பார்த்து வடிகட்டுங்கள்.

கேள்வி: பழைய கோப்பைத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. திகதிகளும் மாறியிருக்கின்றன.
– கழகச் செயலாளர், பதுளை

பதில்: குப்பையாகத் தெரிவது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. கோப்பு பழுதாகவில்லை, யூனிகோட் மாற்றி ஒன்றில் போட்டால் மீளும். முழுத் தாளையும் ஒன்றாகப் போடாதீர்கள். நடுவிலிருக்கும் உண்மையான ஆங்கிலப் பெயர்களையும் அது தமிழ் எழுத்துக் குழம்பாக்கிவிடும். தமிழ் நிரல்களை மட்டும் எடுத்து மாற்றி ஒட்டுங்கள். சேமிக்கும்போது "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

திகதியில் 03/04/2021 என்பது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ என்பது கணினியின் அமைப்பைப் பொறுத்தது. 12க்கு மேற்பட்ட நாட்கள் தப்பிவிடும், 12 வரையுள்ளவை சத்தமில்லாமல் மாறும். இனி 2021-04-03 என்று எழுதுங்கள், அல்லது ஆண்டு, மாதம், நாள் மூன்றுக்கும் தனி நிரல் போடுங்கள். ஏற்கனவே மாறியவற்றைக் கொப்பியோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ஓடையோரக் காடு ஒரு நாடா போல ஓடுகிறது. ஜிபிஎஸ்ஸோடு சுற்றி நடந்து பரப்பெடுத்தோம். இரண்டு தடவையும் விடை வேறு. எது சரி?
– தோட்ட உத்தியோகத்தர், பொகவந்தலாவை

பதில்: இரண்டும் நம்பத்தக்கதல்ல. 600 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமுமான நாடா 1.2 ஹெக்டேயர், அதாவது 3 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. இரு கரையிலும் 10 மீட்டர் பிழை வந்தால் அகலம் பூச்சியத்திலிருந்து 40 வரை எங்கேயும் நிற்கலாம். ஒடுங்கிய காட்டுக்குச் சுற்றி நடக்கும் முறை ஒத்துவராது. ஓடையின் நடுக்கோட்டைச் செய்மதிப் படத்தில் வரைந்துகொண்டு, 50 மீட்டருக்கு ஓர் இடமாக அளவு நாடாவால் அகலத்தை அளந்து, சராசரியை நீளத்தால் பெருக்குங்கள்.

கியூஜிஐஎஸ்ஸில் பரப்பைக் கணிக்குமுன் படலத்தை 1999ஆம் ஆண்டுக் கட்டமான 5235க்கு மாற்றிக்கொள்ளுங்கள், பாகையில் விட்டுக் கணித்தால் அர்த்தமற்ற எண் வரக்கூடும். வரைபடம் தருவது கிடைப் பரப்பு. 30 பாகைச் சரிவில் உண்மையான நிலம் அதைவிட 15 சதவீதம் கூட. தோட்டத்து அளவையோடு ஒப்பிடும்போது இரண்டும் ஒரே வகையா என்று பாருங்கள்.

எல்லையைத் திருத்தும்போது பழைய எல்லையை அழிக்காமல் ஆண்டு போட்டு வைத்திருங்கள். காடு சுருங்கியதா, வரைந்தவர் கை மாறியதா என்று பின்னால் கேட்பார்கள்.

கேள்வி: படங்களை வட்ஸ்அப் குழுவில் சேர்க்கிறோம். இது போதுமா?
– வாசகர், நானுஓயா

பதில்: போதாது. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, எடுத்த நேரத்தையும் இடத்தையும் உரித்துவிடும். "ஆவணம்" என்று அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே வரும். வந்ததும் அவதான இலக்கத்தைக் கோப்பின் பெயரில் சேருங்கள். கமராவில் எடுத்த படமென்றால் அதன் கடிகாரம் சரியா என்று முதலில் பாருங்கள். மின்கலம் மாற்றியதும் பல கமராக்கள் பழைய ஆண்டுக்குப் போய்விடும்.

கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் வேண்டும்: கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, வேறு கட்டடத்திலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. பென் டிரைவைப் பிரதியாகக் கணக்கில் எடுக்காதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை பிரதியைத் திறந்து, நிரைகளின் எண்ணிக்கை மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். திறந்தே பார்க்காத பிரதி திறக்குமா என்பது, தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.